ருசி பார்த்தது கணக்கில் வராது

ஆகஸ்ட் 19

இந்த நோட்டு மதுரை ஆஸ்பத்திரியில கொடுத்தது. டயட்டீஷியன் அம்மா பேரு பிளாரன்ஸ். காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் வயித்துக்குள்ள போறது எல்லாத்தையும் எழுதணுமாம், எவ்வளவு நடந்தேன்னு எழுதணுமாம், மனசுல பட்டதையும் எழுதலாமாம். கோபம் வந்தா அள்ளிச் சாப்பிடுற ஆளுங்க இருக்காங்களாம், அதுக்காகவாம். எனக்கு இன்னைக்கு வந்த கோபத்துக்கு ஒரு அண்டாச் சோறு காணாது.

கோமதிநாயகம், வயசு நாப்பத்தொம்பது, ஊர் சங்கரன்கோவில். ஒரு சொட்டு சாராயம் இந்தத் தொண்டையில இறங்கினதில்ல. பீடி கிடையாது, வெத்தலை கிடையாது. அப்பேர்ப்பட்ட என் ஈரல்ல முப்பத்தோரு சதவீதம் கொழுப்புன்னு ஸ்கேன்ல போட்டிருக்கான். பக்கத்துல உக்காந்திருந்த ஒருத்தர், வாயைத் திறந்தா பிராந்தி வாடை அடிக்குது, அவரு என் ரிப்போர்ட்டை எட்டிப் பாத்துட்டு, "விட்டுருங்கண்ணே, நான் விட்டுட்டேன்" அப்படின்னு எனக்குப் புத்தி சொல்றாரு. எங்க போய் முட்டிக்க?

என் மக சண்முகக்கனிக்கு இருபது வயசு. காலேஜ்ல கணக்குப் பாடம், மூணாம் வருஷம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால கண்ணு மஞ்சளாச்சு. காமாலைன்னு நினைச்சோம். காமாலை இல்ல, அவ உடம்பே அவ ஈரலை அடிக்குதுன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. நல்லாத்தான் இருந்தா. இந்த ஆனியில வயிறு வீங்கிப் போச்சு. பாத்தா ஈரல் சுருங்கித் தழும்பாயிருக்கு. இனிமே மாத்திரைக்குக் கேக்காது, வேற ஈரல்தான் வைக்கணும்னு ஜெஸிந்தா டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மாத்திரை ஒழுங்காப் போட்டாளான்னு கேட்டாங்க. என் பிள்ளை ஒரு வேளை தப்பினதில்லன்னு அடிச்சுச் சொன்னேன். கனி பக்கத்துலதான் தலையைக் குனிஞ்சிட்டு இருந்தா.

அம்மாக்காரி ஆவுடைக்கு ரத்தம் சேரல. எனக்குச் சேருது. அப்ப நான்தான். என் ஈரல்ல பாதிக்கு மேல வெட்டி அவளுக்கு வைப்பாங்களாம், மிச்சம் எனக்குள்ள வளர்ந்துக்கிடுமாம். இன்னைக்கே வெட்டுங்கன்னு சொன்னேன். டாக்டரம்மா தலையை ஆட்டிட்டு நிதானமா சொன்னாங்க. ஈரல்ல காயம் பட்டா அது செய்தி அனுப்புமாம். அதைக் கேட்டுக் காவல் செல் ஓடி வந்து சுத்தம் பண்ணும், புதுசு வளரும், வேலை முடிஞ்சதும் போதும், போங்கன்னு இன்னொரு செய்தி போகும். கனிக்கு அந்தப் போதுங்கிற செய்தி போகவே இல்ல. வந்தவங்க நின்னு அடிச்சிக்கிட்டே இருக்காங்க, அடிச்ச இடமெல்லாம் தழும்பு. இது எனக்கு நல்லாவே விளங்குச்சு. பாகு பதம் வந்ததும் தீயைக் குறைக்கணும், இல்லன்னா அடிபிடிச்சிரும்.

அப்ப எனக்கு என்ன குறைன்னு கேட்டேன். கொழுப்பு ஏறுன ஈரலுக்குள்ள சத்தமில்லாம ஒரு புகைச்சல் ஓடிக்கிட்டே இருக்குமாம். அதுல பாதியை வெட்டினா, வளருன்னு சொல்ற செய்தி மிச்சத்துக்கு ஒழுங்காப் போய்ச் சேராது, நான் மேசையிலேயே போனாலும் போயிருவேனாம். "ரெண்டு உயிரை ஒரே நாள்ல இழக்க நான் தயாரா இல்ல" அப்படின்னாங்க. ஆறு வாரம் தவணை. பத்து சதவீதத்துக்குக் கீழ கொண்டு வரணும். எடை எம்பத்தாறு. செலவு காப்பீட்டு அட்டையில ஆகும்னுட்டாங்க, அந்தக் கவலை இல்ல.

இன்னைக்கு: இட்லி 2, சாம்பார், மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, கீரை, ராத்திரி சப்பாத்தி 2. சீனி இல்லாத காப்பி. அதுக்கு வெந்நீரே மேல். நடை ஒரு மணி நேரம்.

ஆகஸ்ட் 23

நடை ரயில்வே கேட் வரைக்கும் போய் வர ஆறு கிலோமீட்டர். வழியில எல்லாரும் என்ன மாஸ்டர், சுகரான்னு கேக்காங்க. ஆமான்னுட்டேன். ஈரல்னு சொன்னா குடிகாரன்னு நினைப்பான்.

இட்லி 2. சோறு ஒரு கரண்டி, அவரைக்காய். கோதுமை தோசை 2.

ஆகஸ்ட் 31

கடையில வேலை நெரியுது. காலையில அஞ்சு மணிக்கு அடுப்பு பத்தவச்சா மத்தியானத்துக்குள்ள அல்வா, லட்டு, ஜாங்கிரி, மைசூர்பாகு, பாதுஷான்னு ஒன்பது பத்து ஈடு இறக்கணும். இருபத்தாறு வருஷமா அந்த அடுப்படியில நிக்கேன், ஒரு நாள் ஒரு சரக்கு திரும்பி வந்ததில்ல. காரணம் ஒண்ணுதான். மாஸ்டர் வாய் வைக்காத தட்டு முன்பக்கம் போகாது. பாகு ஏறும்போது ஒரு துளி, பூந்தி பிடிக்குமுன்னால கொஞ்சம், லட்டு உருட்டினதும் முதல் உருண்டை, அல்வா சுண்டும்போது மூணு தடவை. எனக்குத் தொழில் சொல்லித்தந்தவங்களும் அப்படித்தான் பண்ணுவாங்க. அதுல நான் கறார்.

இப்ப டயட்லயும் அப்படித்தான் கறார். கடையில எல்லாருக்கும் மத்தியானம் நெய்ச்சோறு போடுவாங்க, நான் தொடல. டீயில சீனி போடல. முதலாளி வேலாயுதம் அண்ணாச்சி ஒரு வடையை நீட்டினாரு, கையெடுத்துக் கும்பிட்டேன். பிள்ளைக்காக இம்புட்டுக் கட்டுப்பாடா ஓய்னு அவரு கண்ணு கலங்கிட்டாரு.

இட்லி 2. சோறு ஒரு கரண்டி, புடலங்காய் கூட்டு. சப்பாத்தி 2.

செப்டம்பர் 7

பிள்ளையார் சதுர்த்தி. வீட்டுல அவிச்ச கொழுக்கட்டையில ஒண்ணுகூட எடுக்கல. கடையில ஆயிரத்து இருநூறு பிடிச்சோம், பூரணம் நல்லா வந்திருந்துச்சு.

செப்டம்பர் 14

கனி படுத்தமேனிக்கே எனக்குக் கணக்குப் போட்டுத் தாறா. நான் சாப்பிட்டதைச் சொல்லச் சொல்ல போன்ல தட்டுவா, இத்தனை கலோரி உள்ள போச்சு, நடந்ததுல இத்தனை கழிஞ்சதுன்னு சொல்லுவா. முகம் சிறுத்துப் போச்சு, வயிறு மட்டும் நிறைமாசக்காரி மாதிரி. அதையும் அவளே கிண்டல் பண்ணுவா. வளைகாப்புக்கு எல்லாரையும் கூப்பிடுங்கம்பா. ஆவுடை அடுக்களைக்குள்ள போய் மூக்கைச் சிந்திட்டு வருவா.

இன்னைக்கு கனி சொன்னா, கணக்குப்படி இந்நேரம் நீங்க நாலரை கிலோ குறைஞ்சிருக்கணும்பா, ஒரு கிலோதான் குறைஞ்சிருக்கு, எங்கயோ இடிக்குதுன்னு. எடை மிஷின் கோளாறா இருக்கும்னேன். கடை வீதியில வேற மிஷின்ல ஏறிப் பாத்தேன். அதுவும் எம்பத்தஞ்சுதான் காட்டுது. ஊருல ஒரு மிஷினும் சரியில்ல.

செப்டம்பர் 27

இருபத்தெட்டு.

ஆறு வாரத்துல மூணு சதவீதம் குறைஞ்சிருக்கு. ஸ்கேன் எடுத்த பையன்கிட்ட இன்னொரு தடவை எடுன்னு சத்தம் போட்டேன். ஆவுடை என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கூட்டிட்டு வந்தா. கனி இன்னைக்கு வரல, முடியல.

பிளாரன்ஸ் அம்மா இந்த நோட்டை ஒரு பக்கம் விடாம படிச்சாங்க. இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதி நான் பாத்ததில்ல சார்னாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஆகஸ்ட் முப்பத்தோராம் தேதிப் பக்கத்துக்குத் திரும்பப் போனாங்க. விரலை வச்சிக்கிட்டே, ஃபார்ம்ல கடை வேலைன்னுதானே போட்டிருந்தீங்க, ஸ்வீட் மாஸ்டரா நீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

"இந்த ருசி பாக்கிறதை ஏன் சார் எழுதல?"

"ருசி பாக்கிறது சாப்பாடாம்மா? அது வேலை."

அவங்க பேனாவை மூடி வச்சிட்டு என்னையே பாத்தாங்க. நாளைக்கு ஒரு நாள், வாயில போடுறப்பல்லாம் அதே அளவு ஒரு கிண்ணத்துலயும் போடுங்க, சாயந்தரம் நிறுத்துப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணுங்கன்னாங்க. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. விரல் நுனியில தொட்டு வைக்கிறது என்ன நிறுக்கும்?

செப்டம்பர் 28

முந்நூத்தி எம்பது கிராம்.

பண்டிகைகூட இல்ல, சாதாரண நாள். லட்டு, அல்வாத் துண்டு, பாதுஷா விள்ளல், மைசூர்பாகு ஓரம், பாகு தனியா. கிண்ணம் தலை தட்டி நிக்குது. என் கையாலதான் போட்டேன், வேற யாரும் போடல. தராசு சரியில்லன்னு இன்னைக்குச் சொல்ல முடியாது. அது கடைத் தராசு, நான் தினம் நிறுக்கிறது.

சாயந்தரம் கனிகிட்ட அளவைச் சொன்னேன். போன்ல தட்டிப் பாத்தா. நான் நாள் பூரா சாப்பிடுற சாப்பாட்டைவிட இது அதிகமாம். அவ சிரிக்கத்தான் செஞ்சா. ஆவுடைகிட்ட நானே சொன்னேன். அவ முறத்துல இருந்த அரிசியைக் கீழ வச்சிட்டு வெளிய போயிட்டா.

ஆறு வாரம். என் பிள்ளைக்கு இருந்ததே ஆறு வாரம். அதைத் தினம் கொஞ்சங்கொஞ்சமா நான் தின்னிருக்கேன்.

செப்டம்பர் 30

ஆவுடை பேசுறதில்ல. தட்டை வைக்கா, எடுக்கா.

மத்தியானம் அவ ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் கனி கட்டில் பக்கத்துல போய் உக்காந்தேன். அப்பாவை மன்னிச்சிருட்டின்னு வாய்விட்டு அழுதுட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல பிள்ளை முன்னால அழுதது இதுதான். அவ என் கையைப் பிடிச்சா. கை சூடா இருந்துச்சு.

"எப்பா, கோபப்படாம கேளுங்க. போன வருஷம் சித்திரையில இருந்து நான் மாத்திரை போடல."

எனக்கு விளங்கல. மெதுவாச் சொன்னா. அந்த மாத்திரை போட்டா மூஞ்சி பந்து மாதிரி உருண்டு போச்சாம், மீசை முளைச்ச மாதிரி ஆச்சாம், வகுப்புல பூசணின்னு பேரு வச்சிட்டாளுவளாம். ஒரு நாள் நிறுத்திப் பாத்தாளாம். ஒண்ணும் செய்யல. ஒரு மாசம் பாத்தா, ஒண்ணும் செய்யல. முகம் வத்தினதும் சந்தோஷமா இருந்துச்சாம். நாங்க வாங்கிக் கொடுத்த மாத்திரையெல்லாம் காலேஜ் போற வழியில ஓடையில போட்டிருக்கா.

"உள்ளுக்குள்ள எரிஞ்சிக்கிட்டே இருந்திருக்கு, வலிக்கவே இல்லப்பா" அப்படின்னா.

எனக்கும் வலிக்கலன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னா. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். ஆவுடைக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும், இந்த நோட்டைத் தொடமாட்டா.

அக்டோபர் 3

கடைக்கு வரலன்னு சொல்லிவிட்டேன். வேலாயுதம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துட்டாரு. தீபாவளி ஆர்டர் எல்லாம் எழுதி வாங்கியாச்சு, இப்ப நீரு கையை விரிச்சா நான் எங்கவே போவேன்னு கெஞ்சினாரு. அவரு பாவம், அவருக்குச் சுகர், வாயில வைக்க முடியாது. கடைசியில நான் அடுப்புல நிக்கிறது, ருசி பாக்கிறது அவரு சம்சாரம்னு முடிவாச்சு.

வாயைச் சுத்தித் துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கேன். பாகை விரல்ல தொட்டுப் பாத்துட்டு உடனே கையைத் தண்ணிக்குள்ள விட்டுருவேன். கை பழக்கத்துல வாய்க்குப் போகும், துண்டுல இடிச்சிட்டுத் திரும்பும். ஒரு நாளைக்கு நாப்பது தடவை அப்படி இடிக்குது. அண்ணாச்சி சம்சாரம் எதைக் கொடுத்தாலும் நல்லாருக்குங்காங்க. நேத்து ஏலக்காய் போட மறந்த லட்டையும் நல்லாருக்குன்னுட்டாங்க.

ஓட்ஸ் கஞ்சி. கொண்டைக்கடலை ஒரு கிண்ணம். வெள்ளரிக்காய். நடை காலையில ஆறு, சாயந்தரம் ஆறு. ருசி பாத்தது: ஒண்ணுமில்ல.

அக்டோபர் 12

மதுரையில கனி வயித்துல இருந்து தண்ணி எடுத்தாங்க. நாலரை லிட்டர். பெரிய பாட்டில்ல ஊசி வழியா இறங்கிச்சு, மோர்த் தண்ணி நிறத்துல. எடுத்ததும் லேசாருக்குப்பான்னா. எடை எழுபத்தொம்பது ஆச்சு எனக்கு. அவளுக்கு நாப்பத்தொண்ணு.

டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, இப்ப நல்லாக் குறையுதேன்னாங்க. எதுவரைக்கும் அவ தாங்குவான்னு கேட்டேன். காய்ச்சல் வராமப் பாத்துக்கோங்க, இந்த நிலைமையில ஒரு காய்ச்சலை அவ உடம்பு தாங்காதுன்னாங்க. அவங்க பதில் சொன்னது நான் கேட்டதுக்கு இல்ல.

அக்டோபர் 15

ஆவுடை பேசிட்டா. காலுல கொப்புளம் வந்து நொண்டிக்கிட்டு வந்தேன். மஞ்சளைக் குழைச்சுப் போட்டுவிட்டு, நாளைக்கும் நடக்கணும்லா, செருப்பை மாத்துங்கன்னா. அம்புட்டுதான்.

கஞ்சி. முட்டை வெள்ளை 2. முட்டைக்கோஸ். நடை 14.

அக்டோபர் 21

காலையில கனி என்னைப் பாத்து, மாமா, பஸ் எப்ப வரும்னு கேட்டா. அவளுக்கு மாமனே கிடையாது. ஈரல் கழிக்க வேண்டிய விஷம் மூளைக்கு ஏறினா அப்படி ஆகுமாம், டாக்டரம்மா முன்னாலயே சொல்லிவச்சிருந்தாங்க. மருந்து கொடுத்து வயிறு போனதும் தெளிஞ்சிருச்சு. என்னப்பா சொன்னேன்னு கேட்டா. பஸ்ஸைக் கேட்டன்னேன். எங்க போகவாம்னு சிரிச்சா.

நடை 16. மழையிலயும் நடந்தேன்.

அக்டோபர் 31

தீபாவளி. இந்த இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா வாய் இனிக்காம ஒரு தீபாவளி. ஊரெல்லாம் என் கை மைசூர்பாகு. கனிக்கு ஒரு விள்ளல் கொடுத்தோம். நல்லாருக்கா, நான் ருசி பாக்கலன்னேன். கண்ணை மூடி ரொம்ப நேரம் மென்னுட்டு, சீனி ஒரு பொடி கூடன்னா. அண்ணாச்சி சம்சாரத்தைவிட இவதான் மாஸ்டர்.

நவம்பர் 4

ஒன்பது. எடை எழுபத்திமூணு.

பிளாரன்ஸ் அம்மா எந்திரிச்சு வந்து கைகொடுத்தாங்க. ஆவுடை ஆஸ்பத்திரி வராந்தாவிலயே தரையில விழுந்து கும்பிட்டா, எந்தச் சாமியைன்னு தெரியல. ஆபரேஷன் பதினொண்ணாம் தேதி. சந்தோஷம்னு எழுதணும்போல இருக்கு. எழுதிட்டேன்.

நவம்பர் 10

ரெண்டு பேரும் உள்ள சேந்தாச்சு. அடுத்தடுத்த ரூம். வீல்சேர்ல கனியை என் ரூமுக்குத் தள்ளிட்டு வந்தாங்க. கண்ணு ரெண்டும் மஞ்சக் கிழங்கு. எப்பா, உங்க ஈரல் வந்ததுக்கப்புறம் எனக்கும் சும்மா சும்மா கோபம் வருமோன்னா. இனிப்பு தேடும்னேன். மாத்திரை ஒழுங்காப் போடணும், மூஞ்சி எப்படி உருண்டாலும் சரின்னேன். பூசணி ஆனாலும் சரின்னு அவளே சொன்னா. எனக்குப் பயமா இருக்கு. எனக்கு என்ன ஆகும்னு இல்ல.

நவம்பர் 16

உக்காந்து எழுத இன்னைக்குத்தான் முடிஞ்சிது. மாருக்குக் கீழ இருந்து தொப்புள் வரைக்கும் தையல். இருமினா உயிர் போகுது.

வெட்டின அன்னைக்கே, மிச்சம் இருக்கிற ஈரல் செய்தி அனுப்ப ஆரம்பிச்சிருமாம். முதல் ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சிது எனக்கு. நர்ஸ் பயந்தப்ப டாக்டரம்மா, லேசாத்தான் இருக்கு, வளர ஆரம்பிக்கையில இப்படி இருக்கும்னாங்க. இந்தக் காய்ச்சல் நல்ல காய்ச்சல்.

கனிக்கு வச்ச என் ஈரல் துண்டு வேலை செய்யுது. நேத்து கண்ணாடி வழியாப் பாத்தேன். கண்ணுல வெள்ளை தெரியுது. ஆனியில இருந்து நான் பாக்காத வெள்ளை. கையை லேசா ஆட்டினா. பக்கத்துல நின்ன ஆவுடை என் தோள்ல சாஞ்சிட்டா, தையல் வலிச்சிது, நான் சொல்லல.

நவம்பர் 19

கனிக்குக் காய்ச்சல்.

நவம்பர் 21

கிருமி ரத்தத்துல கலந்திருச்சு. புது ஈரலை உடம்பு அடிக்காம இருக்கக் காவல் செல்லை மருந்தால கட்டிப் போட்டிருக்காங்க, அந்த நேரம் பாத்து உள்ள வந்திருக்கு. இப்ப ஈரல் மட்டும் இல்ல, உடம்பு பூரா அபாயம் அபாயம்னு செய்தி போகுதாம். ரத்தக் குழாய், நுரையீரல், சிறுநீரகம்னு ஒவ்வொண்ணா வீங்குதாம். மருந்து மாத்தி மாத்திக் கொடுக்காங்க. என் துண்டு இன்னும் வேலை செய்யுதான்னு கேட்டேன். செய்யுது, அது நல்லாத்தான் இருக்குன்னாங்க.

நவம்பர் 23

காலையில பத்தே முக்காலுக்குக் கனி போயிட்டா.

டிசம்பர் 6

தையல் பாக்க மதுரைக்குப் போனேன். வேலை முடிஞ்சு வெளிய வரும்போது, மனசுல கிடந்ததை டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்.

"அன்னைக்கு ஆறு வாரத்துல நான் சரியா வந்திருந்தா, பிள்ளை பிழைச்சிருப்பாளாம்மா?"

அவங்க ரொம்ப நேரம் ரிப்போர்ட்டைப் புரட்டினாங்க. அப்ப அவளுக்குத் தெம்பு இருந்துச்சு, ஆனா உறுதியாச் சொல்ல முடியாது, அப்படி யோசிக்காதீங்கன்னாங்க. நல்லவங்க. பொய் சொல்லத் தெரியல.

வீட்டுக்கு வந்ததும் அதையே ஆவுடை வேற மாதிரி சொன்னா. ரெண்டு வாரமா அடக்கி வச்சிருந்தா. "உங்க நாக்குதான் என் பிள்ளையக் கொன்னுச்சு" அப்படின்னு சொல்லி மாருல அடிச்சிக்கிட்டா. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பிடிச்சாங்க. நான் நின்ன இடத்துலயே நின்னேன். ஓடையில போன மாத்திரையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ அடங்கியிருப்பா. என்மேல இருக்கிற பாரம் பாதியாக் குறைஞ்சிருக்கும். அப்புறம் அந்தப் பாதியைத் தூக்கி யார் மேல வைப்பா? செத்த பிள்ளை மேலயா? சொல்லமாட்டேன். திட்டட்டும். சொன்னதுல பாதி நிஜம்தானே.

டிசம்பர் 19

கடைக்குப் போகல. அண்ணாச்சி ரெண்டு தடவை ஆள் விட்டாரு. நடை பன்னிரண்டு. ஏன் நடக்கேன்னு தெரியல, கால் தானாப் போகுது. கஞ்சி குடிச்சேன்.

ஜனவரி 8

பழைய பெட்டியில கனியோட கணக்கு நோட்டு கிடந்துச்சு. ஆவுடை அதை மடியில வச்சிக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாத் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கும் ஒண்ணும் புரியல அந்தக் கணக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்தோம். இப்ப பேசுறா என்கிட்ட. அதிகமில்ல, சோறு எடுத்து வைக்கவா, மழை வருதாங்கிற அளவுக்கு.

சுடுகாட்டுல அன்னைக்கு எனக்கு ஒரு நினைப்பு வந்துச்சு, இதுவரைக்கும் எழுதல. எரியிறதுல என்னோடதும் இருக்குன்னு நினைச்சேன். அவ கூட நானும் கொஞ்சம் போறேன்னு நினைச்சேன். அது ஒண்ணுதான் அன்னைக்கு என்னை நிக்க வச்சிது.

பிப்ரவரி 18

மூணு மாச ஸ்கேன். ஈரல் கொடுத்தவங்க கட்டாயம் வரணுமாம். போகாம இருந்திருக்கலாம்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு, முழுசா வளர்ந்திருச்சு, அளவுல ஒரு குறையும் இல்ல, கொழுப்பும் நாலுதான், இவ்வளவு சுத்தமா வளர்ந்த ஈரலைப் பாக்கிறதே அபூர்வம்னு வேகமாச் சொல்லிட்டு வந்தாங்க. அப்புறம் என் முகத்தைப் பாத்ததும் நிறுத்திட்டாங்க. கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாங்க.

கொடுத்தது இல்லாமப் போச்சுன்னு அதுக்குத் தெரியுமாம்மான்னு கேட்டேன். அதுக்கு எப்படித் தெரியும், எவ்வளவு வெட்டினோம், எவ்வளவு வளரணும்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், அந்த அளவு வந்ததும் தானா நின்னுரும்னாங்க. நின்னுருச்சாம். வேலை முடிஞ்சிருச்சாம் அதுக்கு. யாரைக் கேட்டு வளந்துச்சு? கனிக்குக் கொடுத்ததுக்கு ஒரு பள்ளமாவது உள்ள இருக்கும்னு நினைச்சிட்டு இருந்தேன். வெளிய தையல் தழும்பு இருக்கு, உள்ள ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆக்கிருச்சு. பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் வயித்து மேல கையை வச்சிட்டே வந்தேன், பிடிக்கவே இல்ல அதை.

வீட்டுக்கு வந்து சேர சாயந்தரம் ஆச்சு. ஆவுடை வாசல்லயே நின்னா. செருப்பைக் கழத்தவிடாம, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேட்டா. மூணு மாசத்துல அவளா வந்து என்னைப் பத்தி ஒண்ணு கேட்டது அதுதான்.

"எம்புட்டு வளந்திருக்காம்?"

"பாதிதானாம்" அப்படின்னேன். "மிச்சம் இனிமே வளராதாம்."

அவ என் சட்டைக்கு மேலயே, தையல் இருக்கிற இடத்துல கையை வச்சா.

"அது எப்படி வளரும்? அதான் அவகிட்டல்லா இருக்கு" அப்படின்னா.

ஆமான்னேன்.